முகப்பில் யாருக்கு இடம்?

மழைக்கால விடியற்காலை, ஐந்தரை மணி. மாவட்ட நிர்வாக இணையதளத்தின் வருகைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் ஈயடிக்கும் தளம். அன்று கூட்டம் அலைமோதியது. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா? முகப்பில் சுழன்றுகொண்டிருந்ததோ போன வாரத்து விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் படம். விடுமுறை அறிவிப்பு தளத்தில் இல்லாமல் இல்லை. 'செய்திக் குறிப்புகள்' என்ற தலைப்புக்குள் போய், மாதத்தைத் தேர்ந்தெடுத்து, தேதியைத் தட்டினால், கோணலாக ஸ்கேன் செய்த ஒரு பி.டி.எஃப். திறக்கும். அதற்குள் பிள்ளைகள் சீருடை மாட்டியிருப்பார்கள்.

அந்தத் தளத்தைப் பராமரித்த ஒப்பந்தப் பணியாளன் நான். மாவட்டம் எதுவென்று சொல்லப்போவதில்லை. 'மாவட்டம் பற்றி', 'நிர்வாக அமைப்பு', 'துறைகள்', 'யார் யார்', எல்லாவற்றுக்கும் கடைசியில் 'சேவைகள்'. கலெக்டர் ஆபீஸில் எந்தப் பிரிவு எந்த மாடியில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே வரிசையில் அடுக்கிய மெனு. பட்டா நகல் தேடி வருகிறவருக்கு அது வருவாய்த் துறையா, நில அளவைத் துறையா என்ற ஆராய்ச்சி எதற்கு?

எதை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அதை மேலே ஏற்றிவிடலாம், ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். முதல் மாதக் கணக்கைப் பார்த்ததும் குழம்பிப்போனேன். முதலிடம் முகப்புப் பக்கத்துக்கு, அடுத்தது அலுவலகத் தொலைபேசி எண்களுக்கு. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. ஆபீஸ் கணினிகளில் பிரௌசரைத் திறந்தாலே எங்கள் முகப்பு வரும்படி வைத்திருந்தார்கள். காலையில் டீ குடித்துவிட்டு வந்து உட்காரும் ஒவ்வொரு ஊழியரும் ஒரு 'பார்வையாளர்'. மற்ற தாலுகா ஆபீஸ்களின் எண்ணை எடுக்கப் போன் பக்கத்தைத் திறந்தவர்களும் அவர்களேதான். போதாக்குறைக்கு, தேடுபொறிகள் அனுப்பும் பாட்கள் வேறு. செர்வர் லாகை வைத்துக் கணக்கெடுக்கும்போது இவற்றைக் கவனமாகப் பிரிக்காவிட்டால் அவையும் மனிதக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே ஆபீஸ் ஐ.பி. முகவரிகளையும் பாட்களையும் கழித்த பிறகே எந்தப் பட்டியலையும் நம்புங்கள். அரசுத் தளங்களின் அடியில் ஓடும் 'இதுவரை பார்வையிட்டோர்' எண்ணைப் பார்த்தால் எனக்கு இன்றும் அந்த டீ நேரம்தான் ஞாபகம் வருகிறது.

கழித்துப் பார்த்ததில் வேறொன்றும் தெரிந்தது. வருகிறவர்களில் பெரும்பாலோர் வாசல் வழியாக வருவதே இல்லை. கூகுளில் தேடி, நேரே ஏதோ ஓர் உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். முகப்பை மட்டும் சீர்செய்து பயனில்லை. ஒவ்வோர் உள்பக்கத்திலும் 'அடுத்து எங்கே' என்பது கண்ணில் பட வேண்டும். அதிலும் மாவட்டத் தளத்தின் நிலைமை வேடிக்கையானது. பட்டா, சிட்டா மாநில அரசின் நில ஆவணத் தளத்தில் இருக்கிறது. வில்லங்கச் சான்று பதிவுத் துறைத் தளத்தில். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இ-சேவையில். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று கை காட்டுகிறவர்கள், அவ்வளவுதான். ஆனால் வெளியே போகும் கிளிக்கைப் பழைய கூகுள் அனலிடிக்ஸ் தானாக எண்ணாது. நாமாகச் சேர்த்திருக்க வேண்டும். நாங்கள் சேர்க்கவில்லை. தளத்தில் மிக அதிகமாகப் பயன்பட்ட இணைப்புகள் எங்கள் அறிக்கையில் ஒரு வரிகூட இடம்பெறவில்லை. 2023 ஜூலையில் அந்தப் பழைய பதிப்பு கணக்கெடுப்பை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பின் வந்த ஜி.ஏ.4-இல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனாலும் உங்கள் தளத்தில் அது இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேடல் பெட்டியில் ஆட்கள் என்ன எழுதுகிறார்கள் என்று வாசியுங்கள். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தளத்தில் 'இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம்' என்று ஒரு பக்கம் இருந்தது. வருகைப் பட்டியலில் அது அடியோடு அடி. யாருக்கும் தேவைப்படாத பக்கம் என்று தூக்கிவிடவே பார்த்தேன். தேடல் பதிவைத் திறந்தபோது அங்கே வரிசையாக நின்றன: 'முதியோர் பணம்', 'ஓ.ஏ.பி.', 'வயசானவங்க உதவி', ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ், எழுத்துப்பிழையோடு வந்த ஆங்கிலம். எல்லாவற்றுக்கும் தளம் தந்த பதில், 'முடிவுகள் இல்லை'. 'வாரிசு' என்று தேடியவர்களுக்கும் இதே கதி. பக்கத்தின் தலைப்பை 'முதியோர் உதவித்தொகை (ஓ.ஏ.பி.)' என்று மாற்றினேன். அதிகாரி ஒருவர் கூப்பிட்டு, "திட்டத்தோட பேரையே மாத்திட்டீங்களே தம்பி?" என்றார். "முழுப் பேர் உள்ளே முதல் வரியிலேயே இருக்கு சார்" என்றேன். அவர் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கடைசி வரிசையில் கிடந்த அந்தப் பக்கம் கொஞ்ச நாளில் மேலே வந்துவிட்டது.

எண்ணிக்கை அதிகமாக இருந்தாலே மகிழ்ந்துவிடவும் கூடாது. 'படிவங்கள்' பக்கத்துக்கு நல்ல கூட்டம். ஆனால் உள்ளே போனவர்கள் ஒரு கோப்பைத் திறந்து, மூடி, அடுத்ததைத் திறந்து, மூடி, எதையும் எடுக்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். கோப்புகளின் பெயரைப் பார்த்தேன்: 'படிவம் 1 புதியது', 'படிவம் 1 புதியது இறுதி'. அது கூட்டமில்லை, அலைச்சல்.

கணினி காட்டாததைப் பார்க்க, தாலுகா ஆபீஸ் வளாகத்து இ-சேவை மையத்தில் மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். "ஏம்ப்பா, பேத்திக்கு முதல் பட்டதாரி சர்டிபிகேட்டு வாங்கணும், எந்த ஜன்னல்ல கேக்கணும்?" என்று என்னிடமே ஓர் ஆயா கேட்டார். மையத்தில் வேலை செய்த பெண், எங்கள் தளத்தைத் தொடவே இல்லை; தேவையான முகவரிகளை எல்லாம் பிரௌசரில் புக்மார்க் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றவர்களின் தேவையில் எதுவுமே எங்கள் கணக்குக்கு வரவில்லை. அயர்லாந்துக்காரர் ஜெர்ரி மெக்கவர்ன் ஒரு முறையைப் பரப்பிவருகிறார்: செய்ய வந்த வேலைகளின் நீண்ட பட்டியலை மக்களிடமே கொடுத்து, முக்கியமான ஐந்தைக் குறிக்கச் சொல்வது. அதை நான் அந்த மையத்திலேயே வெள்ளைத்தாளிலும் பேனாவிலும் செய்தேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசித்தேன். இ-சேவைத் தாளும் தேடல் பதிவும் ஒத்துப்போன இடங்களில்தான் மெனுவைத் துணிந்து மாற்றினேன்.

வருடச் சராசரியை நம்பாதீர்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு சான்றிதழ்களுக்கு அடிதடி. வடகிழக்குப் பருவமழையில் விடுமுறையும் நிவாரண முகாமும். சராசரியில் இரண்டுமே சாதாரணமாகத் தெரியும். முகப்பில் ஒரு கட்டத்தைப் பருவத்துக்கென்றே ஒதுக்கிவைத்தோம்.

'அதிகம் பார்த்தவை' என்று தானாக மாறும் பெட்டி ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். பெட்டியில் இருந்தது கண்ணில் பட்டது, பட்டதால் கிளிக் ஆனது, கிளிக் ஆனதால் பெட்டியிலேயே தங்கியது. எப்போதோ முடிந்துபோன ஓர் ஆள்சேர்ப்பு அறிவிப்பு மாதக்கணக்கில் நகரவில்லை. பெட்டியை எடுத்துவிட்டேன்.

இன்னொரு வகையும் உண்டு. குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181, கொத்தடிமை முறை பற்றிப் புகார் செய்யும் வழி. இவற்றைத் தேடி ஆயிரக்கணக்கில் யாரும் வரமாட்டார்கள். வருகிற ஒருவர் இரண்டாவது முறை தேடிக்கொண்டிருக்க மாட்டார். இவற்றுக்கு எண்ணிக்கை பார்க்காமல் எல்லாப் பக்கத்திலும் நிரந்தர இடம் கொடுத்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(பி) பிரிவு கேட்கும் 17 வகைத் தகவல்களும் அப்படித்தான். பார்ப்பவர் குறைவு என்று நீக்க நமக்கு உரிமை இல்லை. அடிப்பகுதியில் ஓர் இணைப்பு போதும்.

இதையெல்லாம் அதிகாரிகளை ஏற்கவைப்பதுதான் பெரிய பாடு. பிரிட்டன் அரசு 2012 அக்டோபரில் மக்கள் தேவையை முன்னிறுத்தித் தொடங்கிய ஒருங்கிணைந்த தளத்தைக் காட்டினேன். அமெரிக்க அரசு தன் தளங்களின் வருகைக் கணக்கை 2015 முதல் யாரும் பார்க்கும்படி வெளியிடுவதையும் காட்டினேன். "அதெல்லாம் அங்கே சரி" என்றார்கள். பிறகு தேடல் பெட்டியில் ஒரு வாரம் மக்கள் எழுதியதை, பிழைகளோடு அப்படியே அச்சடித்து மேசையில் வைத்தேன். கேள்வி கேட்காமல் மெனுவுக்கு ஒப்புதல் வந்தது. குத்துவிளக்குப் படத்தை மட்டும் எடுக்க விடவில்லை. சேவைப் பொத்தான்களுக்குக் கீழே இறக்கினேன்.

உங்கள் ஊர் அரசுத் தளத்தில் தேடியது கிடைக்கவில்லையா? அதன் அடியில் எங்காவது ஒரு 'கருத்துகள்' பெட்டி இருக்கும். என்ன தேடினீர்கள் என்பதை நீங்கள் பேசும் வார்த்தையிலேயே அதில் எழுதுங்கள். அப்படி வந்த ஒரே வரியை வைத்து நான் ஒரு மெனுவை மாற்றியிருக்கிறேன்.