நிரம்பியது பெயர்களால் அல்ல

கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் லாட்ஜ் நடத்தும் நண்பர் பதறிக்கொண்டு கூப்பிட்டார். "அண்ணே, புக்கிங் மெயில் ஒண்ணும் வரமாட்டேங்குது. ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு காட்டுது. பழைய கஸ்டமர் லிஸ்ட்ல பாதியைத் தூக்கிடவா?"

பௌர்ணமிதோறும் கிரிவலம் வந்து ஓர் இரவு தங்கிப் போனவர்களின் பட்டியல் அது. 11,000 பெயர்கள். அவருக்கு விளம்பரம் என்று இருப்பதே அதுதான். நல்ல வேளை, தூக்குவதற்கு முன்பு கேட்டார்.

"பட்டியல் பெருத்ததால்தான் இடம் போச்சு"

சன்னதித் தெரு கடைக்காரர்கள்வரை பலரும் நம்புவது இது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். யுனிகோடில் தமிழைச் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'அண்ணாமலை' என்று எழுதினால் புள்ளி, கால், ஐகாரக் கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. ஆக 8 குறி, 24 பைட். போன் நம்பர், மெயில், ஊர், வந்த தேதி என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு கேபியைத் தாண்டாது. 11,000 பேருக்கும் சேர்த்து 11 எம்பி.

மலையுச்சியில் மகாதீபம் ஏற்றும் அந்த ஒரு நிமிடத்தை 4கே-யில் எடுத்துப் பாருங்கள். போனைப் பொறுத்து 170 எம்பியிலிருந்து 400 எம்பிவரை வரும். ஒரே வீடியோ குறைந்தது பதினைந்து பட்டியலுக்குச் சமம்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் அதுதான் பொது. சுருக்கிச் சேமித்த போட்டோக்கள் ஒரு காலத்தில் கணக்கில் வராது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றியவை கணக்கில் வருகின்றன. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே 15 ஜிபிக்குள்தான். குரூப்பில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ படம்கூட உங்கள் புக்கிங் மெயிலின் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். இடம் தீர்ந்தால் மெயில் போகாது, வரவும் வராது.

நண்பரின் கணக்கில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து, பெரிய கோப்புகளை மேலே வரும்படி வரிசைப்படுத்தினோம். ராஜகோபுர வீடியோ போட்டோஸில் ஒன்று, டிரைவில் இரண்டு. அதைவிடப் பெரிய தின்னி வேறு இருந்தது. லாட்ஜ் பற்றிய 6 எம்பி பிடிஎஃப் ஒன்றை 300 பேருக்குத் தனித்தனியாக மெயிலில் இணைத்து அனுப்பியிருந்தார். மெயிலில் ஏறும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 6 என்பது 8 ஆகும். அனுப்பிய ஒவ்வொரு மெயிலிலும் ஒரு நகல் நிற்கும். 300 நகல், 2.4 ஜிபி. பிடிஎஃபை ஒரே இடத்தில் ஏற்றி லிங்க் மட்டும் அனுப்பியிருந்தால் அந்த 6 எம்பியோடு போயிருக்கும்.

"அழிச்சாச்சு, இடம் வந்துடும்"

வராது. ஜிமெயில், டிரைவ் இரண்டிலும் குப்பைத்தொட்டியில் கிடப்பதும் கணக்கில் சேரும். தானாகக் காலியாக 30 நாள் ஆகும். தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது 30 நாள் யார் காத்திருப்பது? தொட்டியையும் காலி செய்தோம். சற்று நேரத்தில் மெயில்கள் வர ஆரம்பித்தன.

"காசு கட்டும் தளத்துக்குப் போனால் இந்தத் தலைவலி இல்லை"

தலைவலி மாறும், அவ்வளவுதான். அங்கே மீட்டர் எதை அளக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் விவரங்களைச் சேமிக்கும் சேல்ஸ்ஃபோர்ஸில் பெரும்பாலான பதிவுகளுக்கு, உள்ளே ஒரு சொல் இருந்தாலும் ஐம்பது இருந்தாலும், 2 கேபி என்றே கணக்கு. மொத்தமாக மெயில் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் ஆட்களை எண்ணிக் காசு வாங்குகிறது. 'இனி அனுப்பாதே' என்று விலகியவரையும் சேர்த்தே எண்ணும். ஆகவே பட்டியலைச் சுருக்குவது அங்கே உண்மையாகவே பயன் தரும். நம்மூர்ப் பட்டியல்களில் ஒரே ஆள் மூன்று பேராக நிற்பதைப் பார்க்கலாம்: முன்னால் 91 போட்டு ஒருமுறை, பூஜ்யம் போட்டு ஒருமுறை, வெறும் பத்து இலக்கமாக ஒருமுறை. முதலில் இவர்களை ஒன்றாக்குங்கள்.

விலகியவர்களை மட்டும் அடியோடு அழித்துவிடாதீர்கள். அடுத்த மாதம் பழைய எக்செல் கோப்பை யாராவது மறுபடி ஏற்றுவார்கள். வேண்டாம் என்றவருக்கே மீண்டும் மெயில் போகக்கூடும். மெயில்சிம்பில் 'ஆர்க்கைவ்' செய்தால் எண்ணிக்கையும் குறையும், அவர் விலகியவர் என்ற குறிப்பும் தங்கும்.

"நம்பர் நிறைய இருந்தால் நல்லதுதானே"

வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஒரு பௌர்ணமிக்கு வந்து போனவர் பதிந்து வைத்திருப்பாரா? நான் எந்த லாட்ஜ் நம்பரையும் பதிந்ததில்லை.

கடைசியாக ஒன்று. இடத்தைத் தேடப்போய் நண்பரின் விளம்பரப் படங்களுக்கு நடுவே நாங்கள் பார்த்தது விருந்தினர்களின் ஆதார் நகல்கள். தங்க வருபவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதும், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிப்பதும் லாட்ஜின் கடமைதான். அந்தப் பதிவேடு வேறு, தீபத்துக்குத் தள்ளுபடி அறிவிக்கும் பட்டியல் வேறு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய காரியம் முடிந்தபின் தகவலை அழித்துவிட வேண்டும்; வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால்தான் விலக்கு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. வணிகர்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் அமலுக்கு வருகின்றன.

ஸ்டோரேஜ் பக்கத்தை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள், கூட்டம் ஊர் திரும்பியபின், ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். விளம்பரப் படங்களோடு ஆதார் நகல் கிடக்கிறதா என்பதை மட்டும் இன்றைக்கே பாருங்கள்.