கோவையில் ஒரு சாம்பியன் அணி இருந்தது

2021–22 ஐ-லீக் கால்பந்து அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டி எஃப்சி இல்லை. 2019 இல் அதே லீக்கை வென்ற அணி அது. பெயரில்தான் சென்னை, 2017–18 முதல் அது எங்கள் கோவை அணி. வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்து நேரு ஸ்டேடியம்தான் அதன் வீடு. கொரோனாவில் ஊரே உயிரையும் பிழைப்பையும் பறிகொடுத்து நிற்கும்போது ஒரு கால்பந்து அணிக்காகவா வருத்தப்படுகிறாய் என்று கேட்டார்கள். ஆமாம், வருத்தப்பட்டேன். அந்தக் கேலரியில் பழகிய முகங்களில் பலவற்றை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அணி போனதோடு அவர்களும் போனார்கள்.

2019 மார்ச் 9 அன்று தொடரின் கடைசி ஆட்டம். ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் அணியுடன் ஆடியது. இங்கே மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோல் போட்டுவிட, இடைவேளையிலும் நாங்கள் பின்தங்கித்தான் இருந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் கைபேசியில் கோழிக்கோட்டு ஸ்கோரைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா முன்னேறி வந்து இரண்டு கோல் அடித்தார். 3–1. நாங்கள் 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தேசிய லீக்கை ஒரு தமிழ்நாட்டு அணி வென்றது அதுவே முதல் முறை. முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக் கத்தினோம்.

அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல்லுக்கு ஏற வழி இல்லை. ஐ-லீக் சாம்பியனுக்கு அந்தக் கதவு திறந்தது 2022–23 இல்தான். கிடைத்த ஏஎஃப்சி கோப்பை வாய்ப்பும் 2020 இல் தொற்றால் ரத்தானது. அதே ஆண்டு மார்ச்சில் ஐ-லீக் பாதியில் நின்றது. அடுத்த தொடர் முழுக்க கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் ரசிகர்கள் இல்லாமலே நடந்தது. கோவையில் ஓர் ஆட்டம்கூட இல்லை. டிக்கெட் பணம், ஊர்க் கூட்டம் இரண்டும் இல்லாமல் சிறிய கிளப்புகள் எவ்வளவு நாள் தாங்கும்? கைபேசித் திரையில் காலி கேலரியைப் பார்த்தபடி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஊரில் ஓர் அணி இருந்தால் இன்றைக்கே சிலவற்றைச் செய்துவையுங்கள். டிக்கெட், ஸ்கார்ஃப், புகைப்படம் எதையும் தூக்கிப்போடாதீர்கள். எந்த ஆட்டம், என்ன தேதி என்று பின்னால் எழுதிவையுங்கள். கிளப் மறைந்த பிறகு அதன் வரலாற்றைப் பாதுகாக்க ரசிகனைத் தவிர வேறு ஆள் இல்லை. பக்கத்து இருக்கைக்காரரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் சிலர் அப்படித்தான் இப்போது மாவட்ட லீக் ஆட்டங்களுக்குச் சேர்ந்து போகிறோம். அங்கே கேலரி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கோட்டுக்கு வெளியே நின்றால் பயிற்சியாளர் திட்டுவதுகூடக் காதில் விழும். ஒரு பையன் நல்ல பாஸ் கொடுத்தால் பெயர் சொல்லியே பாராட்டலாம்.

அணி கலைந்தாலும் அதன் வீரர்கள் வேறு அணிகளில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு ஆறுதல் தந்தது அதுதான். நெய்வேலிக்காரர் எட்வின் வான்ஸ்பால் பட்டம் வென்ற கையோடு சென்னையின் எஃப்சிக்குப் போனார். குமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் எங்கள் அணியிலிருந்துதான் ஜாம்ஷெட்பூர் எஃப்சிக்குப் போனார். தொடக்க காலத்தில் சென்னை சிட்டியில் ஆடிய நந்தகுமார் சேகர், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றி கோலை அடித்தார். 2019 இல் எங்களோடு பட்டத்துக்கு மோதிய அதே ஈஸ்ட் பெங்கால்! அந்த கோலுக்கு வீட்டில் எழுந்து நின்று கைதட்டினேன்.

கோவைக்கு இன்னோர் அணி வந்தால் முதல் ஆட்டத்துக்கே போவேன். ஆனால் கோப்பையைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மைதானம் எத்தனை ஆண்டுக்குக் கிடைத்திருக்கிறது? பதினைந்து வயதுக்குட்பட்ட அணி உண்டா? உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து எத்தனை பேரை எடுத்தீர்கள்? வரவு குறைந்தால் ஒரு தொடரையாவது தாங்கப் பணம் இருக்கிறதா? ரசிகர்கள் கூடி, அணி அலுவலகத்துக்கே போய், இதையெல்லாம் நேரில் கேட்க வேண்டும்.