கிணற்று நீரும் பச்சைத் தேயிலையும்

நல்ல தேநீருக்கு நல்ல தேயிலை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கடையில் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம், மணந்து பார்க்கிறோம், விலை கேட்கிறோம். ஆனால் கோப்பையில் இருப்பதில் ஏறக்குறைய முழுவதும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று யாரும் விசாரிப்பதில்லை. மனைப்பொருளியல் வகுப்பில் இந்தத் தவணை நாங்கள் செய்து பார்த்த ஒரு பாடத்தை இங்கே எழுதுகிறேன். அதற்கு மூலகாரணம் வட்டுக்கோட்டையில் நான் தங்கியிருக்கும் வீட்டுக் கிணறு.

நான் கம்பளைப் பக்கத்தவள். எங்கள் உம்மா போடும் வெறுந்தேநீர் கண்ணாடிக் கோப்பையில் செம்பு நிறமாக, அடி தெரியும்படி இருக்கும். அதே கடையில் வாங்கிய அதே தேயிலையை வட்டுக்கோட்டையில் ஊற்றினால் நிறம் கறுத்து மங்குகிறது. ஆற வைத்தால் மேலே மெல்லிய ஆடை படர்கிறது. கோப்பையின் உட்புறத்தில் கபில நிற வளையம் ஒட்டிக்கொள்கிறது. வந்த முதல் மாதமே வீட்டுக்கார அம்மா இதைக் கவனித்துவிட்டார்.

"பிள்ளை, எங்கட கிணத்துத் தண்ணி தேத்தண்ணிக்குக் கொஞ்சம் பாரம். தேசிக்காய் ரண்டு துளி விட்டுப் பாரும், முகம் வெளிக்கும்" என்றார்.

விட்டேன். கோப்பையின் முகம் உண்மையாகவே வெளித்தது. அவர் சொன்ன 'பாரம்' என்ற சொல்லுக்கு விஞ்ஞானப் பாடநூலில் வன்மை என்று பெயர்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. வட்டுக்கோட்டையைத் தொட்டு அராலிக் கடலில் விழும் வழுக்கையாறுகூட மாரி மழைக்கு மட்டும் ஓடுவது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தேங்கி நிற்கிறது. அதைத்தான் கிணறு வெட்டி அள்ளுகிறோம். இறங்கும் வழியெல்லாம் கல்லைக் கரைத்துக்கொண்டு வருவதால் அந்த நீரில் கல்சியமும் இருகாபனேற்றும் நிறைய உண்டு. மலைநாட்டுப் பாறையோ எளிதில் கரையாதது. அங்கே ஊற்று நீர் மென்னீர். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்ட காலம் முதல் மலைநாட்டார் கோப்பையில் கண்ட நிறம், அந்த மென்னீரிலும் இருக்கும் நிறம்.

தேநீரின்மேல் படரும் ஆடையைப் பற்றி 1993 இல் லண்டனில் இரண்டு இரசாயனவியலாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். கல்சியம் மட்டும் இருந்தால் ஆடை வராது, இருகாபனேற்று மட்டும் இருந்தாலும் வராது. இரண்டும் சேர்ந்திருக்கும் நீரில், தேயிலைச் சாறு காற்றுப் பட்டு ஒட்சியேறும்போதுதான் அது உண்டாகிறது. தேசிக்காயின் புளி இருகாபனேற்றை அழித்துவிடுகிறது, கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கூடவே சாயத்தின் நிறத்தையும் இளக்குகிறது. இரண்டு துளிக்குள் மூன்று வேலை. அம்மா பாடநூல் படித்தவரல்ல, அவருடைய அம்மாவிடம் படித்தவர்.

இனிப் பாடத்துக்கு வருவோம். கொழும்பில் முதலாவது பொதுத் தேயிலை ஏலம் 1883 யூலை 30 இல் நடந்தது. இன்றும் ஏலத்துக்கு முன் சுவைஞர்கள் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, கரண்டியால் எடுத்து, சத்தம் கேட்க உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்புகிறார்கள். வீட்டில் அப்படிக் குடித்தால் உம்மாவிடம் பேச்சு விழும். வகுப்பில் அன்று மட்டும் அனுமதித்தேன். உறிஞ்சும்போது காற்றோடு சேர்ந்து மணம் மூக்குக்குப் பின்பக்கத்தால் ஏறுகிறது. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த மணந்தான்.

சோதனைக்கு ஊற்றும் முறைக்கு 1980 இல் வந்த சர்வதேசத் தரம் ஒன்று உண்டு. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் இலை, அப்போதே கொதித்த நீர், மூடி வைத்து 6 நிமிடம், வெள்ளைப் பீங்கான் பாத்திரம். இது குடிப்பதற்கான அளவல்ல. குறையும் நிறையும் தெரியவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு கடுமையாக ஊற்றுகிறார்கள். அந்தத் தரத்தில் எனக்குப் பிடித்தது நீரைப் பற்றிய குறிப்பு. தேயிலையைக் குடிக்கப்போகும் ஊரின் குடிநீரைப் போன்ற நீரில் சுவைக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே வட்டுக்கோட்டையில் குடிப்பவர் கம்பளை நீரில் சுவைத்துத் தேயிலை வாங்கினால் ஏமாந்துபோவார்.

நாங்கள் எடுத்தது பச்சைத் தேயிலை, முழு இலை. பச்சைத் தேயிலை வேறு செடி என்று மாணவியர் பலர் நினைத்திருந்தார்கள். ஒரே செடிதான். கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் ஒட்சியேற விடுகிறார்கள். பச்சைக்கு, பறித்த கையோடு ஆவியிலோ சூடான சட்டியிலோ போட்டு அந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கைப்பும் துவர்ப்பும் தரும் கற்றெக்கின்கள் மாறாமல் இலையிலேயே நிற்கின்றன. கொதிக்கிற நீரை அப்படியே ஊற்றினால் அவை வெள்ளமாக இறங்கும். பச்சைத் தேயிலை பிடிக்காது என்று சொல்பவர்களில் பலர், கொதிநீர் ஊற்றிக் குடித்தவர்கள் என்பது என் எண்ணம்.

வெப்பமானி தேவையில்லை. மூன்று பங்கு கொதிநீரோடு, கொதிக்க வைத்து ஆறிய நீர் ஒரு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 80 பாகை வரும். அதில் இரண்டு முதல் மூன்று நிமிடம். குடிப்பதற்கென்றால் 2 கிராம், அதாவது முழு இலையில் ஒரு தேக்கரண்டி நிறையச் சற்றுக் கூட, 150 முதல் 200 மில்லிலீற்றருக்குப் போதும். நேரம் முடிந்ததும் வடியில் வடித்துவிட வேண்டும். இலையைக் கோப்பைக்குள் விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தால் கைப்பு ஏறிக்கொண்டே போகும்.

மூன்று போத்தல் தண்ணீர் வட்டுக்கோட்டையிலிருந்து கொண்டுபோனேன். ஒன்று, அள்ளிய கிணற்று நீர். இரண்டாவது, அதே நீரைப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, இரவு முழுவதும் தெளிய வைத்து, மேல்நீரை மட்டும் மெதுவாக ஊற்றி எடுத்தது. மூன்றாவது, அம்மா சுத்தமான பீலியில் பிடித்து வைத்திருந்த மழைநீர், கொதிக்க வைத்தது. முதலில் சவர்க்காரச் சீவல் போட்டுக் குலுக்கினோம். மழைநீர் பொங்கி நுரைத்தது. கிணற்று நீர் வெள்ளைத் திரியாகத் திரண்டதே தவிர நுரைக்கவில்லை. பிறகு மூன்றையும் சூடாக்கி, ஒரே அளவு இலை, ஒரே சூடு, ஒரே நேரம்.

கிணற்று நீர்க் கோப்பை பழுப்பு மஞ்சளாகவும் மந்தமாகவும் வந்தது. "ரீச்சர், கீரை அவிச்ச தண்ணி மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. மழைநீர்க் கோப்பை இளம்பச்சை மஞ்சள், மணம் தூக்கலாக இருந்தது. தெளிய வைத்த நீர் இரண்டுக்கும் நடுவில். நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான். ஆனால் எது பிடித்தது என்று கை உயர்த்தச் சொன்னபோது, மழைநீருக்கு வகுப்பு முழுவதும் கை உயரவில்லை. கைக்கிறது என்று பலர் முகம் சுளித்தார்கள், கீரைத் தண்ணீர்க் கோப்பைதான் இதமாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. 2019 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்விலும் இதுதான் நடந்தது. தாதுக்கள் குறைந்த நீரில் கற்றெக்கின் அதிகம் இறங்கிக் கைப்புக் கூடியது, சாதாரணமாகக் குடிப்பவர்கள் குழாய்நீரில் ஊற்றிய பச்சைத் தேநீரையே அதிகம் விரும்பினார்கள். மழைநீரில் ஊற்றுவதென்றால் சூட்டை இன்னும் ஒரு படி இறக்க வேண்டும். அடுத்த முறை 70 பாகையில் ஊற்றினோம். அப்போது உயர்ந்த கைகள் கூடின.

துவர்ப்பையும் கைப்பையும் பிரித்தறிவது மாணவியருக்குச் சிரமமாக இருந்தது. கைப்பு நாக்கின் சுவை. துவர்ப்பு, வாயின் ஈரம் வற்றி உள்தோல் இழுபடுவது. பச்சை வாழைக்காயைக் கடித்தவருக்குத் தெரியும். அறுசுவையில் நம் முன்னோர் துவர்ப்புக்கு ஓர் இடம் கொடுத்தார்கள், இன்றைய விஞ்ஞானிகளோ அதைத் தொடுகை உணர்வோடு சேர்க்கிறார்கள். சுவைத்துப் பார்க்கும்போது எனக்கு முன்னோர் கணக்கே வசதியாக இருக்கிறது.

தண்ணீரைக் கொதிக்க வைப்பது பற்றிப் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தற்காலிக வன்மை கொதிக்க வைத்தால் போய்விடும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். ஆனால் வயல், தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்தும் மலசலக் குழிகளிலிருந்தும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றுச் சேர்ந்திருக்கிறது. அது கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகள் கிணற்று நீரை ஒருமுறை சோதிப்பித்துக்கொள்ள வேண்டும்.

மூலிகைத் தேநீர் என்று இப்போது அழகிய பெட்டிகளில் விற்பவை பல நம் வீட்டில் ஏற்கனவே உள்ளவை. இவற்றில் தேயிலை இல்லை, கஃபீனும் இல்லை. ஊற்றும் விதம் மட்டும் பொருளுக்குப் பொருள் வேறு. பூவும் மெல்லிய இலையும் கொதிநீரில் மூடி வைத்தாலே மணத்தை விட்டுவிடும். துளசியையும் புதினாவையும் போட்டுக் கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு அடுக்களைக்குப் போய்விடும், கோப்பைக்கு ஒன்றும் மிஞ்சாது. மல்லி, வேர்க்கொம்பு, நன்னாரி வேர், கறுவாப் பட்டை போன்றவை வேறு இனம். நசுக்கி, சிறு தீயில் அவிக்க வேண்டும். வட்டுக்கோட்டை அம்மா மல்லியை முதலில் வெறுஞ்சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, மூன்று கோப்பை ஒன்றரையாக வற்றும்வரை அவிப்பார். கிணற்று நீர் இங்கே கெடுதல் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. தேயிலையைப் போல் சாயத்தை நம்பியிருக்கும் பானம் அல்லவே. சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்துக்கொள்வது அவர் வழக்கம். சுவைத்துப் பார்க்கும்போது மட்டும் வேண்டாம், இனிப்பு எல்லாக் குறையையும் மூடிவிடும்.

மணமூட்டிய தேயிலையை மாணவியர் தாமே செய்யலாம். சீனர் மல்லிகைத் தேயிலையை எசன்ஸ் விட்டுச் செய்வதில்லை. மலரப்போகும் மொட்டுக்களை மாலையில் பச்சைத் தேயிலையோடு கலந்து வைத்து, இரவு அவை மலர, காலையில் பூக்களைப் பிரித்தெடுத்து இலையை உலர்த்துகிறார்கள். நல்ல வகைக்கு இதைப் பலமுறை செய்கிறார்கள். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் குணமுடையது. கருவாட்டுப் பானைக்கு அருகில் வைத்தால் அதையும் இழுத்துக்கொள்ளும்.

ஆவரசம்பூத் தேநீரை நாளாந்தம் குடிக்கும் வீடுகள் உண்டு, பெற்றோர் அதைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். 1981 இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில் 50 மருந்துச் செடிகளைப் பரிசோதித்தார்கள். ஈரலைத் தாக்கும் ஒருவகை அல்கலொயிட்டு மூன்றில் இருந்தது, அவற்றில் ஒன்று ஆவரசு. எலிகளுக்கு உணவோடு கொடுத்தபோது ஈரலில் பாதிப்புக் கண்டார்கள். மனிதருக்கு இத்தனை கோப்பைதான் எல்லை என்று அது சொல்லவில்லை. என்றாலும் கர்ப்பிணிகளும் ஈரல் நோயுள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது. மற்றவர்களும் அதைத் தண்ணீருக்குப் பதிலாக வைத்துக்கொள்வது நல்லதல்ல. மூலிகை என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. காலையில் பாணோடும் ரொட்டியோடும் கடும் சாயத் தேநீர் குடித்துவிட்டு வரும் மாணவியரில், மூன்றாம் பாடத்துக்குள் தலை சுற்றுகிறது என்று மேசையில் சாய்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து அதிகம் தேவை. தேயிலையின் பொலிபீனோல்கள் கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பைப் பிடித்துக் குடல் உறிஞ்சாதபடி செய்துவிடுகின்றன. 1999 இல் வெளியான ஓர் ஆய்வில், பாண் உணவோடு கறுப்புத் தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94 சதவீதம் குறைந்தது. புதினாத் தேநீருக்கு 84 சதவீதம், சாமந்தி இனத்துப் பூவான கமோமைல் தேநீருக்கு 47 சதவீதம். பச்சைத் தேயிலையும் இதற்கு விலக்கல்ல. குருதிச்சோகை என்று வைத்தியர் சொன்ன பிள்ளைக்கு இரும்புக் குளிசையைத் தேநீரோடு கொடுப்பது குளிசையை வீணாக்குவது.

தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தப்போவதில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலம் விடுங்கள். தேசிக்காயைக் கீரைக் கறியில் பிழியுங்கள், அதன் விற்றமின் சீ இரும்பை உறிஞ்ச உதவும். நோன்பு காலத்தில் கஞ்சியோடு கோப்பையை வைக்காமல், தராவீஹ் முடிந்து வந்து ஆறுதலாகக் குடிக்கலாம்.

வரும் தவணையில் மாணவியர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவர இருக்கிறார்கள். போத்தலில் ஊரின் பெயரும், அள்ளிய திகதியும், அதற்கு முன் மழை பெய்ததா என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சவர்க்காரம் நான் கொண்டுவருவேன். பச்சைத் தேயிலை வாங்கும் செலவை வகுப்பு பகிர்ந்துகொள்ளும்.