விசா மாறப் போகும் இளம் தம்பதிக்கு

2009 பிப்ரவரியில் ஒரு நாள் என் கணவர் பகல் பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்து நின்றார். உலகப் பொருளாதாரம் சரிந்திருந்த நேரம். அவர் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரே வாரத்தில் பலரை அனுப்பிவிட்டார்கள். 457 என்ற ஸ்பான்சர் வேலை விசாவில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்கு வந்து எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அன்றைய விதிப்படி புது ஸ்பான்சரைத் தேட 28 நாள்தான் அவகாசம். 24-ஆம் நாள் ஓர் இடம் கிடைத்தது, தப்பித்தோம்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் வலிப்பது வேறொன்று. நான் மதுரையில் நர்ஸிங் படித்து, நாலு வருடம் வார்டில் வேலை பார்த்தவள். இந்த நாட்டில் நர்ஸுக்கு அன்றும் தட்டுப்பாடு, இன்றும் தட்டுப்பாடு. ஆனாலும் "விசா அவருடையது, நான் கூட வந்தவள்" என்றே இருந்துவிட்டேன். சான்றிதழ்கள் பெட்டிக்கு அடியில் கிடந்தன. அவற்றை வெளியே எடுத்து, ஆங்கிலத் தேர்வு எழுதி, மூன்று மாதப் பயிற்சி முடித்துப் பதிவு வாங்கிய பிறகுதான் எங்களுக்கு வழி திறந்தது. 2012-ல் பி.ஆர். என்ற நிரந்தர விசா வந்தது. விண்ணப்பத்தில் முதல் பெயர் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமைகளில் விசா யோசனை கேட்டுக் கோப்பும் கையுமாக வரும் பிள்ளைகளிடம் நான் சொல்பவை இவை. நான் வக்கீலும் இல்லை, ஏஜென்டும் இல்லை. விதிகள் அடிக்கடி மாறும். பணம் கட்டுவதற்கு முன்பு உள்துறையின் இணையதளத்தில் ஒவ்வொன்றையும் நீங்களே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கேட்க வேண்டியது, யாருடைய பெயரில் போடுவது என்பது. இப்போது 482 என்ற ஸ்பான்சர் விசா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே அடுத்ததையும் போட வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. பழக்கத்தில் அப்படிச் செய்துவிடுகிறோம்.

போன வருடம் ஒரு தம்பதி வந்தார்கள். தம்பிக்கு 34 வயது, மென்பொருள் வேலை, விசா அவர் பெயரில். தங்கச்சிக்கு 31, ஊரில் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நிரந்தர விசாவுக்கான பாயிண்ட் கணக்கைத் தம்பி பெயரில் போட்டோம். வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 10, ஊர் அனுபவத்துக்கு 5, இங்கே ஒரு வருட வேலைக்கு 5, மனைவியின் ஆங்கிலத்துக்கு 5. மொத்தம் 65. விண்ணப்பிக்கத் தகுதி 65 என்றாலும், மென்பொருள்காரர்களுக்கு அந்த எண்ணில் அழைப்பு வராது. பிறகு தங்கச்சியைக் கணக்கில் முன்னே வைத்தோம். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, அனுபவத்துக்கு 5. ஆங்கிலத்துக்கு, ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நான்கு பிரிவிலும் 8 எடுத்தால் 20. கணவரின் தகுதிக்கு 10. மொத்தம் 80. அதிலும் ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் மென்பொருள்காரரைவிடக் குறைந்த பாயிண்டிலேயே அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது முயற்சியில் அந்தப் பெண் 8 எடுத்தாள். "இத்தனை நாள் நான் சமைத்துக்கொண்டே இருந்துவிட்டேனே அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

துணையின் தகுதிக்கு 10 பாயிண்ட் வேண்டுமென்றால் அவரும் 45 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், அவருக்கும் ஸ்கில் அசெஸ்மென்ட் என்ற தொழில் தகுதி மதிப்பீடு வேண்டும், அவருடைய தொழிலும் உங்கள் தொழில் இருக்கும் அதே பட்டியலில் இருக்க வேண்டும், ஆங்கிலத் தேர்வும் தேறியிருக்க வேண்டும். ஆகவே இருவருமே அசெஸ்மென்ட் எடுங்கள். மென்பொருளுக்கு ஏசிஎஸ், ஆசிரியருக்கு ஏஐடிஎஸ்எல், நர்ஸுக்கு ஆன்மாக், பொறியாளருக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. செலவுதான், ஆனால் செய்யத் தகுந்த செலவு.

2. அனுபவத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஏசிஎஸ் உங்கள் அனுபவத்திலிருந்து 2 வருடமோ அதற்கு மேலோ கழித்துவிடும். கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் பாயிண்டுக்கு எடுக்கலாம். ஈஓஐ என்ற விருப்ப மனுவில் அதிகமாகப் போட்டு அழைப்பு வாங்கி, பிறகு நிரூபிக்க முடியாமல் விசா மறுக்கப்பட்டால், கட்டிய பணம் திரும்பாது.

3. பிறந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். 33 வயது தொடங்கும் அன்று 5 பாயிண்ட் போகும். 40-ல் இன்னும் 10 போகும். 45 ஆனால் கதவே மூடிவிடும்.

4. தமிழுக்கு 5 பாயிண்ட் உண்டு. நாட்டி அமைப்பு நடத்தும் சிசிஎல் என்ற மொழிபெயர்ப்புத் தேர்வில் தமிழ் இருக்கிறது. இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றுக்கும் 45 மதிப்பெண். மொத்தம் 63 எடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 29. மருத்துவமனை, வாடகை வீடு, நீதிமன்றம், அரசு உதவித்தொகை என்று பேச்சு வரும். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழிலும் தமிழில் கேட்டதை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும்.

தமிழ்தானே என்று தயாரிக்காமல் போய்த் தோற்றவர்கள் நிறையப் பேர். வீட்டில் பேசும் தமிழில் பாதிச் சொற்கள் ஆங்கிலம். "இரத்த அழுத்தம்", "முன்பணம்", "வாக்குமூலம்" என்று சொல்ல வாய் வருவதில்லை. இரண்டு மாதம் தினமும் அரை மணி நேரம் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் மொழிபெயர்த்துப் பழகுங்கள். இந்த 5 பாயிண்ட் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும்தான். ஆனாலும் இருவரும் எழுதிவிடுங்கள். கடைசியில் யார் பெயரில் போடுவீர்கள் என்பது மாறலாம்.

5. அடுத்த கிளை கைக்கு எட்டும்வரை பிடித்திருக்கும் கிளையை விடாதீர்கள். இப்போது ஸ்பான்சரிடம் வேலை போனாலோ நீங்களே விட்டாலோ, புது ஸ்பான்சரைத் தேட அல்லது வேறு விசாவுக்கு மாற ஒரே மூச்சில் 180 நாள், விசாக் காலம் முழுக்கச் சேர்த்து 365 நாள் கிடைக்கிறது. எங்கள் காலத்தில் 28 ஆக இருந்தது, 2013-ல் 90 ஆனது, 2016-ல் 60 ஆகக் குறைந்தது, 2024 ஜூலை 1 முதல் 180. இந்த நாட்களில் வேறு இடத்தில் வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. பெரிய நிம்மதிதான். ஆனால் இது தடுக்கி விழுந்தவர் எழுந்து நிற்பதற்கான அவகாசம். இதை நம்பி வேலையை உதறாதீர்கள். அசெஸ்மென்டுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் அழைப்புக்கும் 180 நாள் போதாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. இப்போதைய முதலாளி நல்லவர் என்றால் 186 வழியையும் கேட்டுப் பாருங்கள். ஸ்பான்சர் விசாவில் 2 வருடம் வேலை பார்த்தவரை முதலாளியே நிரந்தரத்துக்கு முன்மொழியலாம். 2024 டிசம்பர் 7 முதல், அந்த 2 வருடமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் பார்த்ததும் சேரும். ஆனால் கேட்டால் வேலைக்கே ஆபத்து வருமோ என்று பயந்து, பலர் விசா முடிய நாலு மாதம் இருக்கும்போது கேட்கிறார்கள். ஒரு வருடம் முன்பே, மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். "பார்க்கலாம்" என்ற பதிலை நம்பி, பாயிண்ட் வழியில் கிடைக்கும் 189, 190 நிரந்தர விசாக்களுக்கான வேலைகளை நிறுத்தி வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஸ்பான்சர் செய்வதற்காக உங்களிடம் பணம் கேட்பது இங்கே குற்றம். பயிற்சி நிதிக்கான வரியும் முன்மொழிவுக் கட்டணமும் முதலாளி கட்ட வேண்டியவை. சம்பளத்தைப் போட்டுவிட்டுப் பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்கும் ஆட்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள்கூட இருக்காதீர்கள். ஐந்தாவதில் சொன்ன 180 நாள் அதற்கும்தான்.

7. மாணவர் விசாவுக்குத் தாவுவதைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். "ஒருத்தர் மாஸ்டர்ஸ் சேர்ந்தால் மற்றவர் முழு நேரம் வேலை பார்க்கலாமே அக்கா" என்பார்கள். உண்மைதான், மாஸ்டர்ஸ் மாணவரின் துணைக்கு வகுப்பு தொடங்கியபின் மணிக்கணக்குக் கட்டுப்பாடு இல்லை. படிப்பவருக்கு வகுப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். ஒரு சம்பளம் சுருங்கும், வெளிநாட்டு மாணவர் கட்டணம் கூடும், விசாவுக்கே 2,000 டாலர். முடித்தபின் கிடைக்கும் 485 விசாவுக்கு 2024 ஜூலை முதல் வயது வரம்பு 35. ஆராய்ச்சிப் பட்டம் என்றால்தான் 50. 33 வயதில் இரண்டு வருட மாஸ்டர்ஸ் சேர்பவர் இதைக் கணக்குப் போட வேண்டாமா?

482-ல் டிபென்டண்டாக இருப்பவர் படிக்க மாணவர் விசாவே தேவையில்லை. இருக்கும் விசாவிலேயே படிக்கலாம். ஆனால் பிறகு 485 வேண்டுமென்றால், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் மாணவர் விசா கையில் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது படிப்பா, 485-ஆ என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தொழில் மாற உண்மையான ஆசையோடு படிப்பவர்களை நான் தடுப்பதில்லை. நாள் கடத்துவதற்காகப் படிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

8. பாயிண்ட் கணக்கில் 491 என்ற வட்டார விசா 15 பாயிண்ட் தரும். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த இடங்களில் இருக்க வேண்டும். அடிலெய்டும் பெர்த்தும் இதில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் கட்டுப்பாடு இருவருக்கும் உண்டு. ஒருவர் அடிலெய்டில் இருக்க மற்றவர் மெல்பர்ன் வேலையைத் தொடர முடியாது.

9. "பி.ஆர். போட்டாச்சு, இனி வேலையை விடலாம்" என்று நினைப்பதுதான் நான் பார்த்த தவறுகளில் பெரியது. 189 போட்டவுடன் பிரிட்ஜிங் விசா ஏ என்ற இடைக்கால விசா வரும். அது உடனே உயிர் பெறாது. 482 காலம் முடிந்தபிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை 482-ன் நிபந்தனைகள்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். நிபந்தனையை மீறி 482 ரத்தானால், அதோடு சேர்ந்த பிரிட்ஜிங் விசாவும் போய்விடும். பிரிட்ஜிங் விசா ஏ நடைமுறைக்கு வந்தபின் ஊருக்குப் போக வேண்டுமானால் கிளம்புமுன் பிரிட்ஜிங் விசா பி வாங்குங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பதறிக் கிளம்பிப்போய், திரும்பி வர விசா இல்லாமல் திருச்சியில் மாதக்கணக்கில் தவித்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்து, வேலை செய்ய அனுமதியும் இருந்தால் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரலாம். பிள்ளை பெறத் திட்டமிடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

10. காகிதங்களில் நம் ஊர்க்காரர்கள் தடுக்குவது மூன்று இடத்தில். முதலாவது பெயர். இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னே, இன்னொன்றில் பின்னே, பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். எல்லாம் ஒருவர்தான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாராக வைத்திருங்கள். இரண்டாவது திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்துவிட்டுப் பதிவு செய்யாமலே விமானம் ஏறியவர்கள் பலர். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். இங்கே வந்தபிறகு அதற்காக அலைவது பெரும்பாடு. மூன்றாவது, துணையின் ஆங்கிலம். அவருக்கு அடிப்படை ஆங்கிலம் இருப்பதாகக் காட்டாவிட்டால் ஆயிரக்கணக்கான டாலர் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஆங்கில வழியில் பட்டம் படித்தவர் என்றால் கல்லூரியிலிருந்து பயிற்றுமொழிக் கடிதம் வாங்கினாலே போதும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தக் கடிதத்தை மறக்காமல் வாங்கி வாருங்கள்.

11. ஏஜென்டிடம் போவதாக இருந்தால் பதிவு எண்ணைக் கேட்டு, அரசுப் பட்டியலில் சரிபார்த்த பிறகு பேசுங்கள். உங்கள் விண்ணப்பத்தின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும்.

12. கடைசியாக, டிபென்டண்டாக இருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும். வீட்டில் அன்புக்குக் குறைவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆனாலும் உங்கள் பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், அனுபவக் கடிதம், விசா கடிதம், ஆங்கிலத் தேர்வு முடிவு எல்லாம் உங்கள் பெயரில் உங்களிடம் இருக்க வேண்டும். உள்துறைக் கடிதங்கள் வரும் மின்னஞ்சலை நீங்களும் திறந்து பார்க்க முடிய வேண்டும். ஒருவருக்கு வேலை போகலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம், உறவே கசந்தும் போகலாம். அந்த நேரத்தில் "எல்லாம் அவர்கிட்டதான் இருக்கு" என்று யாரும் என் முன்னே அழக்கூடாது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கோப்போடு வருகிறார்கள், அதை ஒருவர்தான் பிடித்திருப்பார். நீங்கள் வரும்போது இரண்டு கோப்பாகக் கொண்டு வாருங்கள். முதலில் இரண்டாவது கோப்பைத்தான் திறப்பேன்.