தூசி மறைத்த சுடர்

ஆனைமலைச் சாரலில் மாலைப்பொழுதில் உலவியவர் அறிவர்: கதிரவன் மறைந்து இருள் சூழ்ந்த பின்னரும் கரும்பாறையருகே செல்லுங்கால் வெம்மை முகத்திற்படும். பகலெல்லாம் உண்ட ஒளியைப் பாறை, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிராக உமிழ்கின்றது. இவ்வெளிய உண்மை வானநூலாரின் பெருவழக்கு ஒன்றிற்குச் சாட்சியாயிற்று.

அவ்வழக்கு யாதெனிற் கூறுதும். தொலைவிலுள்ள சில நக்ஷத்திரத் தொகுதிகளின் நடுவே, பெருங் கருந்துளையை நோக்கி வீழும் வாயு பேரொளி வீசுகின்றது. அவற்றுட் சிலவற்றினின்று இருபுறமும் தாரைகள் பீறிட்டு, லக்ஷக்கணக்கான ஒளியாண்டு தூரஞ் சென்று ரேடியோ அலைகளைப் பரப்புகின்றன. நடுச்சுடர் தோன்றுமாயின் குவேசர் என்பர். தோன்றாதாயின் ரேடியோத் தொகுதி என்பர். இவை இருவேறு இனமோ, ஒன்றேயோ?

இத்தகைய பொருள்களின் அளவை அறிதற்கு நம் நாட்டிலும் ஒரு கருவி எழுந்தது. ஆனைமலைக்கு வடக்கே, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், உதகையை அடுத்த முத்தொரையில் 1970-இல் முற்றுப்பெற்ற ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. கோவிந்த் ஸ்வரூப் அதற்கு இடந்தேர்ந்த திறமே ஒரு பாடமென்பது எம் கருத்து. மலைச்சரிவின் கோணமும் அவ்வூரின் அட்சமும் ஏறக்குறைய 11 பாகையாதலின், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சிற் சுழன்று ஒரு பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். சந்திரன் ரேடியோ மூலத்தை மறைக்குங் கணத்தில் அலை குன்றும் விதத்தைக் கொண்டு அதன் அளவை ஆங்குக் கணித்தனர்.

வேறு கருவிகளால் அளந்த பொருள்களை ஆராய்ந்து, 1989-இல் பீட்டர் பார்த்தெல் என்பார் குவேசர்களின் நீளம் ரேடியோத் தொகுதிகளின் நீளத்தில் ஏறக்குறையப் பாதியே எனக் காட்டினார். நம்மை நோக்கி நீட்டிய கோல் குறுகித் தோன்றுமன்றோ? ஆகவே இரண்டும் ஒன்றே. உளுந்து வடை போன்ற தூசி வளையம் சுடரைச் சூழ்ந்துள்ளது. துளை வழியே நோக்குவார்க்குச் சுடர் தெரியும், பக்கத்தே நிற்பார்க்குத் தெரியாது என்றார்.

அங்ஙனமாயின் மறைக்குந் தூசி பாறையைப் போலச் சூடேற வேண்டும். அதன் உள்விளிம்பு ஏறக்குறைய 1500 கெல்வின் வரை காயும். அதற்கு மேற் காய்ந்தால் தூசி ஆவியாகிவிடும். அவ்வகச்சிவப்புக் கதிரிற் பெரும்பகுதியை வளியிலுள்ள நீராவி விழுங்கிவிடுமாதலின், 2003-இல் வானிற் செலுத்திய ஸ்பிட்சர் தொலைநோக்கி வேண்டியதாயிற்று. சுடர் காட்டாத ரேடியோத் தொகுதிகள் பலவற்றில் வெம்மை மிக்க தூசி கண்டனர். தூசியிலுள்ள சிலிகேட் என்னும் மணற்பொருள், 10 மைக்ரான் அலைநீளத்தையொட்டிக் குவேசர்களில் ஒளிர்ந்தும் ரேடியோத் தொகுதிகளில் ஒளியை விழுங்கியும் நின்றது.

ஆயினும் நம்மை நோக்கிய தாரை தானும் அகச்சிவப்பை வீசுமாதலின், அதனைக் கழித்தே தூசியின் பங்கைக் கணக்கிடல் வேண்டும். சில ரேடியோத் தொகுதிகளிலோ வெந்தூசியே காணப்படவில்லை. அவற்றில் திரைக்குப் பின்னே சுடரில்லை. தாரை மட்டுமே உண்டு.