தொட்டியில் கல் போடலாமா, வேண்டாமா?



வண்ணமீன் வளர்ப்பை இன்று பல குழுக்கள் தொழிலாக எடுத்துச் செய்கின்றன. கொஞ்சம் இடம், கொஞ்சம் தண்ணீர், வீட்டு வேலைக்கு நடுவே கொஞ்சம் நேரம் இருந்தால் போதும் என்பதால் பெண்களுக்கு ஏற்ற தொழில்தான். ஆனால் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "கடையில தொட்டிக்கு அடியில கல்லு போட்டு எவ்வளவு அழகா வச்சிருக்காங்க! நாம மட்டும் ஏங்க்கா வெறும் தொட்டியில வளர்க்கணும்?"

இந்த மாதப் பாடத்தில் இதைத்தான் படிக்கப் போகிறோம். இது அழகு பற்றிய கேள்வி மட்டும் இல்லை. குழுவில் கடன் வாங்கி மீன் வாங்கியிருக்கிறோம். ஒரே ராத்திரியில் தொட்டி மீன் அத்தனையும் செத்து மிதந்தால், மீன் போச்சே என்று கடன் தவணை காத்திருக்குமா? காத்திருக்காது. அதனால் இதைப் புரிந்துகொண்டு முடிவு எடுப்போம்.

மீன் தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

மாட்டுக் கொட்டகையைக் கழுவாமல் விட்டால் மூக்கில் ஏறும் ஒரு நெடி வருமே, அதுதான் அமோனியா. மீன் தொட்டியிலும் அதே அமோனியா உண்டாகிறது. மீனின் செவுள் வழியாக வெளியே வருகிறது. மீன் தின்னாமல் விட்ட தீவனமும், மீன் போடும் கழிவும் அழுகும்போதும் வருகிறது. கொட்டகையில் காற்று அடித்துக் கொண்டு போய்விடும். தொட்டிக்குள் மீன் எங்கே போகும்? அந்தத் தண்ணீரிலேயேதான் மூச்சு விட வேண்டும்.

இந்த நஞ்சை அடக்குவதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியாக்கள் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் குறைந்துவிடும்.

பாலைத் தயிராக்குவதும் இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தானே! ஆனால் ஒரு வித்தியாசம். தொட்டியின் நல்ல பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். கல், கண்ணாடி, ஸ்பாஞ்சு, செடி, சிமெண்ட் சுவர் எல்லாம் அவற்றுக்கு வீடு. புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் பார்ப்போம்.

கல் போட்டால் என்ன நன்மை?

பாக்டீரியாக்களுக்கு நிறைய வீடு கிடைக்கும். செடி வேர் பிடிக்கும். அடியிலிருந்து வெளிச்சம் எதிரடிக்காது என்பதால் மீன் மிரளாமல் இருக்கும். கருநிறக் கல்லாக இருந்தால் மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும். வாங்க வருபவர் கண்ணுக்கும் நன்றாக இருக்கும்.

கல் போட்டால் என்ன தொல்லை?

தீவனமும் கழிவும் கல் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். மேலே பார்த்தால் தொட்டி சுத்தமாகத் தெரியும், அடியில் அழுகிக்கொண்டிருக்கும். நாம் அதிகமாகத் தீவனம் போடுகிறோமா என்பதே தெரியாது. மின்சாரம் போய் காற்று நின்றால், அழுகும் கழிவு தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். மணலை ஆழமாகப் போட்டிருந்தால் அடியில் கறுத்து, கூமுட்டை நாற்றம் வரும்.

இன்னொன்று நோய். மீன் உடம்பில் உப்பைத் தூவியது போல வரும் வெண்புள்ளி நோயைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒட்டுண்ணி முற்றியதும் மீனை விட்டுக் கீழே விழும். தரையில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குட்டிகள் கிளம்பி மறுபடி மீனைப் பிடிக்கும். நம்ம ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கல் இருந்தால் கூடுகள் அதற்குள் பத்திரமாக இருக்கும். வெறும் தரையாக இருந்தால் தினமும் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும்போது பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம்.

செலவையும் கணக்குப் போடுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம் உள்ள தொட்டியில் 2 அங்குல உயரம் கல் போட்டால் சுமார் 14 கிலோ பிடிக்கும். 10 தொட்டிக்கு 140 கிலோ. உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பாருங்கள். அதைக் கழுவுவது யார், ஸ்டாண்டு எடை தாங்குமா என்பதையும் யோசியுங்கள்.

அப்படின்னா கல்லை எடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள்! இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கல்லை ஒரே நாளில் அள்ளி வெளியே போட்டால், அதில் ஒட்டியிருந்த பாக்டீரியாக்களும் போய்விடும். தொட்டி பளிச்சென்று இருக்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், செவுள் சிவக்கும், ஒன்றிரண்டாகச் சாகும். அழுக்கைத்தானே எடுத்தோம் என்று நினைப்போம். எடுத்தது அழுக்கோடு சேர்த்து காவல்காரரையும்!

வெறும் தொட்டி நல்லதுதான். ஆனால் கல் செய்த வேலையை வேறு ஒன்று செய்ய வேண்டும். அதற்குத்தான் ஸ்பாஞ்சு ஃபில்டர். ஏர் பம்பில் இணைத்துவிட்டால் தண்ணீர் ஸ்பாஞ்சு வழியாக ஓடும். பாக்டீரியாக்கள் அதில் குடியேறும்.

கல்லை எடுக்கும் முறை இதுதான்:

1. கல் இருக்கும்போதே ஸ்பாஞ்சு ஃபில்டரைப் போட்டு 4 வாரம் ஓடவிடுங்கள்.

2. பிறகு வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கல்லாக எடுங்கள். எடுக்கும்போது சேறு கலங்கும். உடனே உறிஞ்சிவிடுங்கள்.

3. அந்த வாரங்களில் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

4. ஸ்பாஞ்சை ஒருபோதும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். சோப்பு படவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

புதுத் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு வழி: தயிருக்கு உறை ஊற்றுவது போல, நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சை எடுத்துப் புதுத் தொட்டியில் போடுங்கள். ஆறு வாரம் காத்திருக்க வேண்டிய வேலை சீக்கிரம் முடியும். குழுவில் ஒருவருக்கு ஒருவர் இந்த 'உறை'யைக் கொடுத்து உதவலாமே!

எந்தத் தொட்டிக்கு எது?

குஞ்சு வளர்க்கும் தொட்டி: கல் வேண்டாம். குஞ்சுக்கு ஒரு நாளில் பல தடவை தீவனம் போடுகிறோம். மிச்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், உடனே எடுக்க வேண்டும்.

கப்பி, மோலி, பிளாட்டி குட்டி போடும் தொட்டி: கல் வேண்டாம். தாய் மீன் தன் குட்டியையே தின்றுவிடும். குட்டி ஒளிந்துகொள்ளப் பாசிச்செடியை மிதக்கவிட்டால் போதும்.

ஜீப்ரா மீன் முட்டையிடும் தொட்டி: இது விதிவிலக்கு. இந்த மீனும் தன் முட்டையைத் தின்னும். தரையில் கோலிக்குண்டுகளைப் பரப்பிவிட்டால் முட்டை இடுக்கில் விழுந்து தப்பும். முட்டை இட்டதும் பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கிய மீனைத் தனியாக வைக்கும் தொட்டி, மருந்து போடும் தொட்டி: கட்டாயம் வெறும் தரை. புது மீனை இதில் 2 வாரமாவது வைத்துப் பார்த்த பிறகே மற்ற மீன்களோடு சேருங்கள்.

சிமெண்ட் தொட்டி: கல் தேவையில்லை. சுவரில் படியும் பச்சைப் பாசியிலும் நல்ல பாக்டீரியாக்கள் இருக்கும். அதை மொத்தமாகச் சுரண்டிவிடாதீர்கள்.

விற்பனைக்குக் காட்டும் தொட்டி, வாங்குபவர் வீட்டு வரவேற்பறைத் தொட்டி: கல் போடலாம். அங்கே மீன் குறைவு, தீவனமும் குறைவு.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் தொழிலுக்குப் பேர்போன இடம். அங்கே மீன் வாங்கப் போகும் சகோதரிகள் கடையின் முகப்பைப் பார்ப்பதோடு நிற்காமல், வளர்ப்புத் தொட்டிகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். கண்ணால் பார்த்ததை வந்து குழுவில் சொல்லுங்கள்.

கல் போடுவதென்றால் கவனிக்க வேண்டியவை

பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், 3 முதல் 5 மில்லிமீட்டர் போதும். கடல் மணல், கிளிஞ்சல், பளிங்குச் சில்லு வேண்டாம். அவை தண்ணீரைக் கடினமாக்கும். சந்தேகமாக இருந்தால் கல்லின் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. சாயம் போகும் கல்லை வாங்காதீர்கள். தண்ணீர் தெளியும்வரை கழுவிய பிறகே போடுங்கள். வாரம் ஒருமுறை கல்லைக் கிளறி, குழாயால் உறிஞ்சி, கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் அகலமான பாத்திரத்தில் ஒரு முழு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள்.

வெறும் தொட்டி வைப்பவர்கள், கண்ணாடிக்கு அடியில் வெளிப்பக்கமாகக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். மீன் மிரளாது, நிறமும் நன்றாகத் தெரியும். பைசா செலவில்லாத கல் என்று வைத்துக்கொள்ளலாம்!

முடிவாக, விற்க வளர்க்கும் மீனுக்கு வெறும் தொட்டியும் ஸ்பாஞ்சும், பார்த்து ரசிக்கும் மீனுக்குக் கல்லும் செடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் பாக்டீரியாவுக்கு ஒரு வீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இருந்தால்தான் மீன் இருக்கும், மீன் இருந்தால்தான் தவணை கட்ட முடியும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் உறுப்பினர்களின் தொட்டிகளில் எத்தனையில் கல் இருக்கிறது? அது எதற்காகப் போட்டது?

2. கடைசியாக மீன் செத்தபோது, அதற்கு முந்தைய மூன்று நாளில் தொட்டியில் என்ன மாற்றம் செய்தோம்?

3. மின்சாரம் இரண்டு மணி நேரம் போனால் காற்றுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம்?

4. 'உறை ஸ்பாஞ்சு' கொடுக்கும் அளவுக்கு நோயில்லாத பழைய தொட்டி யாரிடம் இருக்கிறது?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் எடுத்துப் பார்த்தால், எது மாறியிருக்கிறது என்று நமக்கே தெரியும்.