கடல்கடந்த நிலமும் சட்டத்தின் காவலும்

நிலம் என்னும் சொல்லுக்கு நம் மக்களிடையே என்றும் தனி மதிப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பத்திற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாய்ப்பது பெரும் பேறேயாகும். இந்த நியாயமான ஆசையைப் பயன்படுத்திக்கொள்ளும் விற்பனைகளும் உலகில் உண்டு. அவற்றுள் கண்ணால் காண இயலாத வெளிநாட்டு நிலத்தில் முதலீடு செய்யத் தூண்டும் விற்பனை குறித்து நாம் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும்.

தோட்டம் கைமாறி வேலை இழக்கும் தொழிலாளர் ஒருவர், ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் பணிபுரிந்திருந்தால், 1980ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிகளின்படி ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் பெறும் உரிமையுடையவராகிறார். இருபது ஆண்டு உழைத்தவருக்கு அது 400 நாள் சம்பளமாகும். இத்தொகையும் ஊழியர் சேமநிதியும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மொத்தமாகக் கைக்கு வருபவை. போனால் மீண்டும் சேர்ப்பதற்குக் காலம் இராது.

ஓர் எடுத்துக்காட்டு

செராஸில் ஒரு மண்டபத்தில் விளக்கக் கூட்டம் நடைபெறுவதாகக் கொள்வோம். "இங்கிலாந்தில் மனை இருக்கிறது. அங்கு வீடு கட்ட அனுமதி கிடைத்துவிட்டது. ஐந்தாண்டில் விலை இருமடங்காகும்" என்று விற்பனையாளர் கூறுகிறார். தோட்ட வேலையை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்த ஒருவர் அதனை நம்பி 25,000 ரிங்கிட் செலுத்திக் கையொப்பமிடுகிறார். ஈராண்டு கழிந்த பின், அது விவசாய நிலம் என்றும், அனுமதி எதுவும் பெறப்படவில்லை என்றும் அவருக்குத் தெரியவருகிறது. அவருக்குச் சட்டம் துணை நிற்குமா?

சட்டம் கூறுவது யாது?

நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதற்கு விடை தருகிறது. உண்மையல்ல என்று அறிந்தே ஒன்றை உண்மைபோல் கூறுவதும், உண்மையைத் திட்டமிட்டு மறைப்பதும், நிறைவேற்றும் எண்ணமின்றி வாக்குறுதி தருவதும் 17ஆம் பிரிவின்படி மோசடியாகும். தக்க ஆதாரமின்றி உண்மையல்லாத ஒன்றை உறுதியாகக் கூறுவது, கூறியவர் அதனை நம்பியிருந்தாலும், 18ஆம் பிரிவின்படி தவறான எடுத்துரைப்பாகும். இவ்வாறு பெற்ற சம்மதத்தால் எழுந்த ஒப்பந்தத்தை ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் ரத்துச் செய்யலாம் என்று 19ஆம் பிரிவு கூறுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டினைக் கவனிக்க வேண்டும். "அனுமதி கிடைத்துவிட்டது" என்பது நடந்ததாகக் கூறப்படும் செய்தி. அது உண்மையா, பொய்யா என்று சோதித்து அறியலாம். "விலை இருமடங்காகும்" என்பதோ எதிர்காலத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு. அது பலிக்கவில்லை என்பதற்காக மட்டும் வழக்கில் வெல்வது அரிது. ஆகவே நம் எடுத்துக்காட்டில் வரும் நண்பருக்கு வலுத்தருவது முதற் கூற்றேயன்றி இரண்டாவது கூற்று அன்று.

நிலத்தின் பரப்பளவு பற்றிய தவறான கூற்றை நம்பிக் கையொப்பமிட்ட ஒருவர் அந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம் என்று 1983ஆம் ஆண்டு வெளிவந்த தீர்ப்பொன்றில் நம் கூட்டரசு நீதிமன்றம் முடிவு செய்துள்ளது.

இங்கிலாந்து வழக்கு

நமது எடுத்துக்காட்டை ஒத்த ஒரு வழக்கு இங்கிலாந்திலேயே நடைபெற்றது. 'அசெட் லேண்ட்' என்னும் நிறுவனம் ஆறு இடங்களிலிருந்த நிலங்களைச் சிறு மனைகளாகப் பிரித்துப் பலருக்கு விற்றது. வீடு கட்டும் நிலமாக மாற்றும் முயற்சியை நிறுவனமே மேற்கொள்ளும் என்றும், பின்னர் நிலம் முழுவதும் கட்டட நிறுவனத்திற்கு விற்கப்பட்டு ஆதாயம் கிடைக்கும் என்றும் வாங்கியோர் நம்பும்படி செய்யப்பட்டது. ஆனால் அவர்கள் கையொப்பமிட்ட பத்திரங்களோ, அத்தகைய பொறுப்பு எதுவும் நிறுவனத்திற்கு இல்லை என்றன.

அந்நாட்டின் நிதி நடத்தை ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2016 ஏப்ரல் 20ஆம் நாள் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. அது உரிய அனுமதி பெற்று நடத்த வேண்டிய கூட்டு முதலீட்டுத் திட்டமே என்றும், அனுமதியின்றி நடத்தியது சட்டவிரோதம் என்றும் முடிவாயிற்று. பத்திரத்திலிருந்த மறுப்பு வாசகம் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. வாய்மொழியும் பத்திரமும் முரண்படும் இடத்திலேதான் வழக்குப் பிறக்கிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

நம் கடமையும் உண்டு

சட்டம் ஏமாந்தவரைக் காப்பதோடு அவரிடமும் ஒன்றை எதிர்பார்க்கிறது. தவறான எடுத்துரைப்பாலோ, மோசடியான மௌனத்தாலோ சம்மதம் பெறப்பட்டிருந்தாலும், சாதாரண முயற்சியால் உண்மையைக் கண்டறியும் வாய்ப்பு அவருக்கு இருந்திருக்குமாயின், ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய இயலாது என்று அதே 19ஆம் பிரிவு விதிவிலக்குக் கூறுகிறது. பால் நிறுக்கும் இடத்தில் கிராணி எழுதும் எடையை எட்டிப் பார்க்காமல் நாம் திரும்புவதில்லை. ஒரு நாள் பாலுக்கு நாம் காட்டும் கவனத்தை வாழ்நாள் சேமிப்பிற்குக் காட்டாதிருக்கலாமா?

கையொப்பமிடுமுன் பின்வருவனவற்றைச் செய்தல் வேண்டும்.

1. விற்பனையாளர் வாயால் கூறியதனை எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுப்பாராயின் அதனையே எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

2. நிலப் பட்டா யார் பெயரில் உள்ளது, நிலம் எவ்வகைப் பயன்பாட்டிற்குரியது என்பவற்றை அந்நாட்டுப் பதிவேட்டின் வழி உறுதிசெய்யுங்கள்.

3. பலரிடம் பணம் திரட்டி இலாபத்தில் பங்கு தருவதாகக் கூறும் திட்டமாயின், அது மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள். 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 'இன்டரஸ்ட் ஸ்கீம்ஸ்' சட்டம் இதனை வலியுறுத்துகிறது.

4. தகராறு எழுந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும் என்னும் பகுதியைத் தவறாமல் படியுங்கள். கடல்கடந்து வழக்காடுவது நம்மவர்க்கு எளிதன்று.

5. விளம்பரத் தாள், ரசீது, கடிதம், கைப்பேசிச் செய்தி ஆகிய அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

ஏமாந்துவிட்டால் என் செய்வது?

உண்மை தெரிந்த பிறகும் தவணை செலுத்திக்கொண்டே இருத்தல் கூடாது. அது ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கருதப்படலாம். ஒப்பந்தம் தொடர்பான வழக்கிற்கு 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டுகளை அளிக்கிறது. மோசடியாயின், அது வெளிப்பட்ட நாளிலிருந்து, அல்லது தக்க முயற்சியால் வெளிப்பட்டிருக்கக்கூடிய நாளிலிருந்து அக்காலம் கணக்கிடப்படும். ஆகவே வெட்கத்தினால் மறைத்துக் காலத்தைக் கழித்தல் தீமையையே தரும். காவல் நிலையத்தில் புகார் செய்வதோடு, சட்ட உதவித் துறையிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையத்திலோ விரைந்து ஆலோசனை பெறுதல் நன்று. தொழிற்சங்கக் கிளைத் தலைவரும் வழிகாட்டக்கூடும்.

சிந்திக்க

1. "அனுமதி கிடைத்துவிட்டது", "அனுமதி கிடைக்கும் என நம்புகிறோம்" ஆகிய இரண்டிற்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு என்ன?

2. அசெட் லேண்ட் வழக்கில் பத்திரத்தின் வாசகம் நிறுவனத்திற்கு ஏன் துணை நிற்கவில்லை?

3. உங்கள் வீட்டில் எவரேனும் இத்தகைய பத்திரத்தில் கையொப்பமிட்டுள்ளனரா? ஆமெனில், அதனை இன்றே எடுத்து, வாயால் கூறப்பட்டதும் எழுத்திலிருப்பதும் ஒன்றுதானா என்று குடும்பத்தாருடன் சேர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.